மகளை இழந்த டார்வினார்

மக்கட்பேறே பேறுகளுள் தலையாயது என்று நம் முன்னோர் கொண்டனர். அப்பேற்றைப் பெற்றுப் பின் இழந்தோர் படுந்துயரோ சொல்லுந் தரத்ததன்று. நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களுள்ளும் இத்துயரை அறியாதன மிகச் சிலவே. பொருளுடையார் இறந்த குழந்தையின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைப்பர், பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறை கட்டித் தருவர், ஆண்டுதோறும் அன்னமிடுவர். இவையெல்லாம் போற்றற்பாலனவே. பெயரைக் கல்லிற் பொறித்து நிறுத்தினால் கலங்கிய நெஞ்சுக்கு ஒரு பிடிப்பு உண்டாகிறது. ஆனால், மகள் பெயரால் யாதொரு தருமமும் நிறுவாமல், அப்பெயரைப் பிறர் முன் உச்சரிக்கவும் மாட்டாமல், அவள் ஓடி விளையாடிய வழியிலே முப்பது ஆண்டு நடந்தும், தம் சிற்றூர் ஏழைகளின் காசுக்கணக்கைத் தம் கையாலேயே எழுதியும் வாழ்ந்தார் ஒருவர். அவர் வரலாற்றையே இம்மாதம் நம் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர் சார்லஸ் டார்வினார். குரங்கினத்தோடு மனிதனுக்கு உறவு கூறியவர் என்ற அளவில் அவர் பெயர் நம் நாட்டில் பலர் வாயிலும் வழங்குகின்றது. பெரும்பாலும் நகைப்புக்காகவே வழங்குகின்றது. உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவர் கொள்கையை ஆராய இப்பக்கங்கள் இடமல்ல. அவர் இல்வாழ்க்கையை மட்டுமே ஈண்டுக் கூறுவோம். அறிஞரென்றால் உலகியல் அறியாத வறண்ட நெஞ்சினர் என்று எண்ணுவோர்க்கு இவ்வரலாறு வியப்பளிக்கும்.

டார்வினார் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் நகரில் பிறந்தார். தந்தையார் பேர்பெற்ற வைத்தியர்; செல்வர். எட்டு வயதில் சிறுவர் தாயை இழந்தார். அவருடைய தமக்கையர் துயர மிகுதியால் தாயின் பெயரை வாய்விட்டுச் சொல்லவும் இயலாதவராயினர். இதனை நம் அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டும். துயரை வாய்திறந்து பேசாத அவ்வழக்கம் அவ்வீட்டில் அன்றே ஊன்றிவிட்டது. பின்னர் 1831-ஆம் ஆண்டின் இறுதியில் பீகிள் என்னும் கப்பலேறி ஐந்து ஆண்டு உலகைச் சுற்றி 1836-இல் திரும்பினார். 1839-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் எம்மா வெட்ஜ்வுட் என்னும் நங்கையை மணந்தார். இந்நங்கை டார்வினாருடைய தாயின் உடன்பிறந்த சகோதரர் மகள். அதாவது அம்மான் மகள். நம் குலத்தில் உரிமைப் பெண் என்று கொள்ளும் முறை எதுவோ அம்முறையே அங்கும் அமைந்தது. இம்முறையைப் பற்றி அவர் பிற்காலத்தில் கொண்ட கவலையைப் பின்னர்க் கூறுவோம். நம்மவர் கேட்கத்தக்க செய்தி அது.

இருவரும் முதலில் லண்டனில் வசித்தனர். நகரத்துப் புகையும் இரைச்சலும் ஒவ்வாமையால் 1842-இல் கென்ட் மாகாணத்தில் டௌன் என்னும் சிற்றூரில் ஒரு வீடு வாங்கிக் குடியேறினர். குடியேறிய சில நாளில் அங்கே மேரி என்னும் பெண்மகவு பிறந்து நான்கு வாரமும் நிரம்பாமல் இறந்தது. அவ்வீட்டின் வாழ்வு ஒரு சிறு சவக்குழியோடு தொடங்கிற்று எனலாம். ஆயினும் அவர்கள் அவ்விடத்தை விட்டகன்றாரில்லை. டார்வினார் தம் இறுதி நாள்வரை ஏறக்குறைய நாற்பது ஆண்டு அவ்வீட்டிலேயே இருந்தார்.

1846-இல் அவர் வீட்டுத் தோட்டத்தை அடுத்து ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பக்கத்துப் பெருநிலக்கிழாராகிய லப்பக் என்பவரிடம் குத்தகைக்குப் பெற்றார். அதில் ஹேஸல், பர்ச், ஆல்டர், ஹார்ன்பீம் முதலிய அந்நாட்டு மரங்களை நட்டு, ஒருபுறம் ஹாலி என்னும் முட்செடியால் வேலியிட்டு, சுற்றிவர மணல் பரப்பி ஒரு பாதை அமைத்தார். மணற்பாதை என்றே அதற்குப் பெயர். ஒரு பக்கம் மரநிழல். மறுபக்கம் பள்ளத்தாக்கை நோக்கிய வெளி. நாள்தோறும் நண்பகலில் மழை வெயில் பாராது அப்பாதையைச் சுற்றி வருவது அவர் நியமம். சுற்றுக்கணக்கு மறவாமலிருக்கப் பாதை ஓரத்தில் சக்கிமுக்கிக் கற்கள் சிலவற்றைக் குவித்து வைப்பார். ஒரு சுற்று முடிந்ததும் ஒரு கல்லைக் காலால் தள்ளிவிடுவார். நம் பெரியோர் கோயிலை வலம் வருங்கால் எண்ணிக்கை தவறாமற் கைக்கொள்ளும் உபாயங்களை இது நமக்கு நினைவூட்டுகிறது.

அம்மணற்பாதையில் அவரோடு நடந்தவள்தான் ஆன்னி. 1841-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் லண்டனில் பிறந்தவள். வீட்டுக்கு இரண்டாம் குழந்தை, பெண்களுள் மூத்தவள். தந்தை விரைந்து நடப்பவர். அவளோ அவருக்கு முன்னே கால்மாற்றிச் சுழன்றாடியபடி செல்வாள். வீட்டினுள் இருந்தால் அரைமணி நேரமாயினும் தந்தையின் தலைமயிரைச் சீவி அழகுபடுத்திக் கொண்டிருப்பாள். அவருக்கு மூக்குப்பொடியில் விருப்பம் மிகுதி. தாழ்வாரத்து ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை திருடிக்கொண்டு மாடிப்படியில் ஓடிவந்து நீட்டுவாள்; அவர் முகம் மலர்வது கண்டு தான் மலர்வாள். தேசப்படங்களில் இடங்களைக் கண்டுபிடிப்பதிலும், அகராதியில் சொற்களைத் தேடுவதிலும் பொழுது போக்குவாள். பிள்ளைகளுள் ஏற்றத்தாழ்வு காட்டாதவர் டார்வினார் என்பர். ஆயினும் அவர் நெஞ்சில் இவளுக்கிருந்த இடம் தனியிடம் என்பதை அவர் எழுத்தே காட்டுகின்றது.

1850-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து குழந்தை மெலியத் தொடங்கினாள். இலையுதிர் காலத்தில் கடற்கரை ஊருக்கு அழைத்துச் சென்றும் பயன் விளையவில்லை. டார்வினார் தாமும் நெடுநாள் நோயாளி. 1849-இல் மால்வெர்ன் என்னும் மலையூரில் கல்லி என்ற வைத்தியரிடம் ஜலசிகிச்சை செய்துகொண்டு ஓரளவு நலம் பெற்றவர். தமக்கு உதவிய வைத்தியம் மகளுக்கும் உதவும் என்று நம்பி, 1851-ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் அவளை மால்வெர்னில் தாதியோடும் தங்கை ஹென்றியட்டாவோடும் இருத்தி ஊர் திரும்பினார். ஏப்ரல் மாத நடுவில் நோய் முற்றியதாகச் செய்தி வர மீண்டும் விரைந்தோடினார். எம்மா அம்மையாரோ நிறைமாதக் கர்ப்பவதி. பயணம் செய்ய இயலாதவர். தந்தை நோயாளியின் கட்டிலருகே. தாய் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். இருவருக்குமிடையே நாள்தோறும் கடிதம் ஓடிற்று. ஒரு நாள் சிறிது தேறினாள் என்று எழுதுவார். அக்கடிதம் தாயின் கையில் சேரும்போது அத்தேற்றம் கழிந்திருக்கும். இப்படிப்பட்ட காத்திருத்தலின் கொடுமையைத் தாய்மாருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. தாகத்துக்கு நீர் கொடுத்தபோதும் தந்தைக்கு நன்றி கூறும் பணிவு அக்குழந்தையைக் கடைசிவரை விட்டகலவில்லை. ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள் நண்பகலில் அவள் உயிர் நீங்கிற்று. வயது பத்து. சன்னிபாத சுரத்தை ஒத்த பித்தசுரம் என்று அக்காலத்து வைத்தியர் எழுதினர். காசநோயாக இருந்திருக்கலாம் என்று இக்காலத்து ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர்.

டார்வினார் மறுநாளே மனைவியிடம் திரும்பினார். உயிரோடிருப்பவளுக்கும் வயிற்றிலிருப்பதற்கும் செய்யவேண்டிய கடனே முந்தியது என்று அவர் எண்ணினார் போலும். மைத்துனர் குடும்பத்தார் மால்வெர்னிலேயே குழந்தையை அடக்கம் செய்தனர். கல்லறைக் கல்லில் பெயரும் நாளும், அன்பும் நற்குணமும் வாய்ந்த குழந்தை என்னும் பொருள்பட்ட சில சொல்லுமே பொறித்தனர். மூன்று வாரத்துக்குள் எம்மா அம்மையார் ஹோரேஸ் என்னும் ஆண்மகவை ஈன்றார்.

ஏப்ரல் 30-ஆம் நாள், அதாவது குழந்தை இறந்த ஒரு வாரத்தில், டார்வினார் தனியே அமர்ந்து சில தாள்கள் எழுதினார். அவளுடைய முகம், நடை, சிரிப்பு, அவள் செய்த சிறு குறும்புகள் ஆகியவற்றை மறப்பதற்குமுன் எழுதிவைக்க வேண்டும் என்பதே கருத்து. மேலே நாம் கூறிய செய்திகள் பல அத்தாள்களாலேயே உலகுக்குத் தெரிய வந்தன. அச்சிடுவதற்கு எழுதியன அல்ல அவை. புழுவையும் பூச்சியையும் கண்டு நுணுகி எழுதிய அதே கை, அதே உண்மைப் பற்றோடு, மகளை எழுதிற்று. மிகைப்படுத்திய சொல் ஒன்றும் அதில் இல்லை.

அதன்பின் அவர் வாய் அடைத்துவிட்டது. தந்தை தம்மிடம் ஆன்னியைப் பற்றிப் பேசியதாகவே நினைவில்லை என்று ஹென்றியட்டா அம்மையார் முதுமையில் எழுதியிருக்கிறார். புண்ணைக் கிளற அவரால் ஆகவில்லை. இம்மௌனம் நமக்கு முழுதும் உடன்பாடன்று என்பதை ஒளிக்காமற் கூறுவோம். அப்பொழுது ஹென்றியட்டாவுக்கு வயது ஏழு. அக்காள் எங்கே போனாள், தானும் அவளைப்போல் நல்லவளாயிருந்தாலன்றி மோட்சம் கிட்டாதோ என்றெல்லாம் அச்சிறுமி தாயைக் கேட்டுக் கேட்டு வருந்தினாள். பெரியவர் மௌனம் பெரியவர்க்கு மருந்தாகலாம்; குழந்தைக்கு அது இருட்டறை. வீட்டில் சாவு நேர்ந்தால் சிறு பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு அவர்களிடம் ஒன்றுஞ் சொல்லாதிருக்கும் வழக்கம் நம்மவரிடமும் உண்டு. தாய்மார் இதைச் சிந்திப்பாராக.

பேச்சு நின்றது, நடை நிற்கவில்லை. ஆன்னி சுழன்றாடிச் சென்ற பாதையை அடைத்துவிட்டு வேறொரு பாதை அமைக்க அவருக்கு வசதியில்லாமலில்லை. அவர் அவ்வாறு செய்யவில்லை. அதே நண்பகல், அதே கற்குவியல், அதே சுற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் எம்மா அம்மையாரும் பிள்ளைகளும் மாதாகோயிலுக்குச் செல்வர்; டார்வினார் அவ்வேளையில் வெளியே உலாவச் சென்றுவிடுவார். இவ்வழக்கம் மகள் இறப்பதற்குச் சற்று முன்னரே, 1849-ஐ ஒட்டித் தொடங்கியது. ஆன்னியின் சாவே அவருடைய கிறிஸ்தவ நம்பிக்கையை அறுத்தது என்று சரித்திரக்காரர் சிலர் கூறுவர். அது முன்னரே தேய்ந்துவிட்டது என்று வேறு சிலர் மறுப்பர். அவர் மனத்தினுள் நடந்ததை வழக்காட நாம் விரும்பவில்லை. சமயத்துறையில் மனைவியும் கணவரும் ஒத்த கருத்தினரல்லர் என்பதும், அவ்வேற்றுமை இல்லறத்தைக் குலைக்கவில்லை என்பதும், ஊர்ப் பாதிரியாராகிய இன்னஸ் என்பவர் டார்வினாரின் உற்ற நண்பராக விளங்கினார் என்பதும் ஐயமற்றவை.

மணற்பாதையைத் துயரத்தின் இடமாக அவர் ஆக்கிவிடவில்லை. மற்றைப் பிள்ளைகளுக்கு அஃது என்றும் விளையாட்டுக்களமாகவே இருந்தது. 1854-இல் மகன் ஒருவன் மரத்தடிப் பொந்தொன்றில் ஹம்பிள் பீ என்னும் பருத்த தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இரைந்து செல்வதைக் கண்டு சொன்னான். உடனே தந்தை ஐந்தாறு பிள்ளைகளையும் அங்கங்கே காவல் நிறுத்தினார். தேனீ தன்னைக் கடக்கும்போது ஒவ்வொரு பிள்ளையும் கூவ வேண்டும். அடுத்த பிள்ளை அதைத் தொடர வேண்டும். இப்படி ஆண் தேனீக்கள் ஆண்டுதோறும் ஒரே வழியில், ஒரே இடங்களில் நின்று நின்று பறப்பதைக் கண்டுபிடித்தனர். ஆராய்ச்சியா விளையாட்டா என்று பிரிக்க முடியாத காட்சி இது. மற்றொரு சமயம் அவர் ஆடாது அசையாது நின்று பறவைகளை நோக்கிக்கொண்டிருக்க, அணிற்குஞ்சுகள் சில அவரை மரமென்றெண்ணி முதுகிலும் காலிலும் ஏறி ஓடின. தாயணில் மரத்தின்மேலிருந்து பதைபதைத்துக் கத்திற்று. தாய்மைத் துயரை நன்கறிந்தவர் அக்கத்தலை எவ்வாறு கேட்டாரோ! அருகேயுள்ள சரிவில் காட்டு ஆர்க்கிட் மலர்களைத் தேடிக் குடும்பத்தோடு போவார். அம்மலர்களைப் பற்றிய நூல் 1862-இல் வெளிவந்தது.

இனி அவருடைய ஊர்த்தொண்டைக் கூறுவோம். சங்கம் நடத்தும் நம்மவர் இப்பகுதியைச் சற்று நின்று படிக்கலாம்.

அக்காலத்து இங்கிலாந்தில் கூலிவேலை செய்வோர் நோய்வாய்ப்பட்டால் அடுப்பெரியாது. 1834-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏழைகளுக்குரிய புகலிடம் வேலைவிடுதி ஒன்றே. அங்கே புகுவது பெரும் இழிவு. ஆகவே ஊர்தோறும் தொழிலாளர் தம்முள் மாதந்தோறும் சிறுதொகை சேர்த்து, நோயுற்ற அங்கத்தினருக்கு வாரப்படியும், இறந்தவருக்கு ஈமச்செலவும் அளிக்கும் சகாய சங்கங்களை ஏற்படுத்தினர். டௌன் கிராமத்தில் 1850-இல் இத்தகைய சங்கமொன்று தோன்றியபோது டார்வினார் அதன் அமைப்புக்கு உதவி, பொக்கிஷதார் பதவியையும் ஏற்றார். ஆன்னி நோயுறத் தொடங்கிய ஆண்டே அது. மகள் இறந்த பின்னர் அப்பொறுப்பை உதறியிருந்தால் ஒருவரும் குறை கூறியிரார். அவருடைய உடல்நலமும் அதற்குத் தக்க காரணமாயிருந்தது. அவர் உதறவில்லை. முப்பது ஆண்டு அப்பதவியிலிருந்தார். உலகெங்கும் கடிதப் போக்குவரத்துடைய ஒரு மேதை, உழவுக்கூலியாட்களின் பென்னிகளையும் ஷில்லிங்குகளையும் ஒரு காசு பிசகாமல் எழுதி வைத்தார். பெந்தெகொஸ்தே திருநாளை அடுத்த திங்கட்கிழமைதோறும் சங்கத்தார் கொடி பிடித்து வாத்தியம் முழங்க ஊர்வலமாக வந்து அவர் வீட்டுப் புல்வெளியில் நிற்பர். டார்வினார் வெளியே வந்து சங்கத்தின் வரவு செலவை விளக்கிச் சிறு பிரசங்கம் செய்வார். ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லிப் பழகிய சில பரிகாசங்களும் அதில் இருக்கும். அச்சிறு சடங்கும் அவர் உடம்புக்குப் பல ஆண்டுகளில் பெரும்பாடாயிருந்தது. ஆயினும் தவறியதில்லை என்று அவர் மகனார் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். நன்கொடை கொடுத்துப் பெயர் போட்டுக்கொள்வோர் எங்கும் கிடைப்பர். கணக்கெழுத வருவோர்தாம் அரியர் என்பதை எந்தச் சங்கக் காரியதரிசியும் அறிவார்.

நிலக்கரியும் துணியும் வழங்கும் சங்கமொன்றும் அவ்வூரில் இருந்தது. ஏழைகள் சிறுகச் சிறுகச் சேர்க்கும் தொகையோடு வசதியுள்ளோர் தம் பங்கைக் கூட்ட, குளிர்காலத்தில் கரியும் உடையும் வாங்கிக் கொடுப்பர். இதன் கணக்கும் பல ஆண்டு டார்வினார் கையிலேயே இருந்தது. 1857 முதல் மாஜிஸ்டிரேட்டாகவும் அமர்ந்து ஊர்வழக்குகளைக் கேட்டார். எம்மா அம்மையாரின் தொண்டோ இதனினும் நெருக்கமானது. பசித்து வருவோர்க்கு ஊர் ரொட்டிக்கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டுகளைக் கொடுப்பார். நோயாளிகளுக்கு மருந்து கலந்து அனுப்புவார். முதியோர் சிலருக்குச் சிறு உதவித்தொகை அளிப்பார்.

ஒரு செய்தியை மட்டும் தனியே குறிக்க வேண்டும். அந்நாட்டு வீடுகளின் புகைபோக்கிகளில் படியும் புகைக்கரியைத் துடைக்க ஏழைச் சிறுவரை உள்ளே ஏற்றும் கொடிய வழக்கம் அந்நாளில் இருந்தது. 1840-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டோரை ஏற்றலாகாது என்று விதித்திருந்தும், பெரிய மனிதர் வீடுகளே அதை மீறின. 1852-ஆம் ஆண்டு, அதாவது மகள் மறைந்த மறு ஆண்டு, டார்வினாரும் மனைவியாரும் இச்சிறுவர் பொருட்டுக் கவலை கொண்டனர். தம் பிள்ளை ஒருவனை ஏழு வயதில் அவ்விருட்குழாயில் ஏற்றுவதாக எண்ணிப் பார்க்கவும் உடல் நடுங்குகிறது என்னும் கருத்துப்பட அவர் தம் உறவினரும் நண்பருமான பாக்ஸ் என்பவருக்கு எழுதினார். ஆன்னியின் பெயர் அங்கு இல்லை. அதை எழுதிய கை எத்தகைய தந்தையின் கை என்பதை நாமறிவோம். அவ்வழக்கம் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னரே ஒழிந்தது. விலங்குகளின் காலைக் கவ்வி இரவெல்லாம் வதைக்கும் இரும்புப் பொறிகளுக்கு எதிராகவும் 1863-இல் கணவனும் மனைவியும் ஒரு விண்ணப்பம் எழுதி வெளியிட்டனர்.

துயரம் ஆன்னியோடு ஒழியவில்லை. 1858-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், கடைக்குட்டியாகிய சார்லஸ் வேரிங் என்னும் ஒன்றரை வயதுக் குழந்தை செங்காய்ச்சலால் இறந்தான். வாலேஸ் என்னும் அறிஞர் தூரதேசத்திலிருந்து அனுப்பிய, தம் கருத்தையே ஒத்த கட்டுரையொன்று டார்வினார் கையில் வந்து சேர்ந்ததும் அந்த ஜூன் மாதத்திலேதான். இருவர் கட்டுரைகளும் ஜூலை முதல் நாள் லண்டனில் லின்னேயன் சபையில் ஒருங்கே வாசிக்கப்பட்டன. உலக அறிவைத் திருப்பிய அந்நாளில் டார்வினார் சபையில் இல்லை. டௌன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அன்றுதான் அக்குழந்தையை அடக்கினர். மறு ஆண்டு, 1859-இல், அவருடைய பெருநூல் வெளிவந்தது.

பத்துப் பிள்ளைகளுள் எழுவரே ஆளாகினர். அவர்களுள்ளும் பலர் இளமையில் நோயாளிகள். இரத்தக் கலப்புள்ள உறவில் மணந்ததனால்தான் இவ்வாறாயிற்றோ என்னும் ஐயம் டார்வினாரை அரித்தது. ஒரே செடியின் மகரந்தத்தால் பிறக்கும் பயிர், அயற்செடியின் மகரந்தத்தால் பிறக்கும் பயிரினும் பலவிடத்து மெலிந்திருப்பதைத் தம் தோட்டத்திலேயே பல்லாண்டு சோதித்தவர் அவர். மனிதருள்ளும் இதனை ஆராய்ந்தறிய வேண்டுமென்று கருதி, 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் உறவுமணம் பற்றிய கேள்வியொன்றைச் சேர்க்குமாறு 1870-இல் சர் ஜான் லப்பக் மூலம் பார்லிமெண்டில் முயன்றார். மணற்பாதைக்கு நிலமளித்தவரின் மகனே இந்த லப்பக். பார்லிமெண்டு இணங்கவில்லை. பின்னர் மகன் ஜார்ஜ் 1875-இல் தாமே கணக்கெடுத்து, கேடு உண்டாயினும் சிறிதே என்ற முடிவுக்கு வந்தார். 2010-இல் ஆராய்ச்சியாளர் சிலர் டார்வின், வெட்ஜ்வுட் குடும்பங்களின் வமிசாவளியை ஆராய்ந்து, உறவுமணத்தின் நெருக்கத்துக்கும் குழந்தைச் சாவுக்கும் தொடர்பு காண்பதாக எழுதினர். அம்மான் மகளையும் அத்தை மகனையும் விட்டு வெளியே பெண்கொள்ளத் தயங்கும் நம் குடும்பங்கள் இதனைக் கேட்டுச் சினவாமல் நல்ல வைத்தியரிடம் உசாவுவது தக்கது. முறைமணம் செய்தோர் பிள்ளைகளை இழந்தால் தம்மையே பழித்துக்கொண்டு காலமெல்லாம் வருந்துவதும் தகாது. டார்வினார் அவ்வாறு வருந்தியவர்.

1863-ஆம் ஆண்டு அவர் உடல்நலம் மிகக் குன்றவே மீண்டும் மால்வெர்னுக்கு அழைத்துச் சென்றனர். பன்னிரண்டு ஆண்டாகச் சென்றிராத ஊர் அது. எம்மா அம்மையார் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று மகளின் கல்லைத் தேடினார், காணவில்லை. கல்லே போய்விட்டதோ என்று கலங்கினர். முன்னர் அதைக் கண்டிருந்த பாக்ஸுக்குக் கடிதம் எழுதி அடையாளம் கேட்டனர். செடிகொடி மூடிக்கிடந்த கல் பின்னர் அகப்பட்டது.

டார்வினாரின் கடைசி ஆண்டுகளிலும் ஊர்ப்பணி குறையவில்லை. 1877-இல் சகாய சங்கத்தார் சிலர் சங்கத்தைக் கலைத்துச் சேர்ந்த பணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாமெனத் துணிந்தனர். டார்வினார் அங்கத்தினர்க்கெனத் தனியே ஒரு விண்ணப்பம் அச்சிட்டு, இன்று பங்கு கொள்ளும் இளைஞர் நாளை முதுமையில் நோயுறும்போது எங்கே போவார் என்பதைக் கணக்கோடு விளக்கித் தடுத்தார். மண்புழுக்களைப் பற்றிய அவருடைய கடைசி நூல் 1881-இல் வந்தது. 1882-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒருநாள் மணற்பாதையில் தனியே நடக்கையில் மார்வலி கண்டது. வருந்தி வீடு சேர்ந்தார். அதன்பின் அந்நடை நின்றது. ஏப்ரல் 19-ஆம் நாள் எம்மா அம்மையாரும் மக்களும் சூழ உயிர் நீத்தார்.

தம் இளங்குழந்தைகள் கிடக்கும் டௌன் கல்லறைத் தோட்டத்திலேயே தாமும் கிடக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். ஊர்த் தச்சரும் எளிய மரப்பெட்டி ஒன்றைச் செய்து முடித்தார். ஆனால் அறிஞர் பலர் வேண்டுகோளால் ஏப்ரல் 26-ஆம் நாள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அடக்கம் நிகழ்ந்தது. ஊர்த்தச்சரின் பெட்டி அப்பெருவிழாவுக்குப் பொருந்தாதென்று நீக்கி வேறு பெட்டி கொணர்ந்தனர்.

எம்மா அம்மையார் அதன்பின் பதினான்கு ஆண்டு வாழ்ந்து 1896-இல் டௌனில் காலமானார். அவர் ஒரு சிறு பெட்டியைத் தம்மிடமே வைத்துக் காத்து வந்தார். அது ஆன்னியின் எழுத்துப்பெட்டி. அதனுள் அவள் எழுதிய இறகுப்பேனாக்களும், அரக்குத் துண்டும், பூத்தையல் நூலும், காகிதத்தில் மடித்த அவள் மயிர்க்கற்றையொன்றும் இருந்தன. அவள் நோயுற்ற நாட்களில் ஒவ்வொரு நாளும் அவள் உடம்பிருந்த நிலையை டார்வினார் குறித்து வைத்த தாள்களும் அவற்றோடிருந்தன. வழிவழியாகக் குடும்பத்தார் கையில் தங்கியிருந்த அப்பெட்டியைக் கொண்டு அவ்வமிசத்தார் ஒருவர் 2001-இல் ஆன்னியின் வரலாற்றை நூலாக எழுதினார். டௌன் வீடும் மணற்பாதையும் இப்பொழுது பொதுமக்கள் காணத் திறந்திருக்கின்றன.